தலையில் ஏற்றிய எல்லைக்கல்

என் வேலையே அளப்பதுதான். திருமழிசைப் பக்கம் காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் அந்தத் துண்டைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். போடும்போது முகத்தை ஒரு நீதிபதி மாதிரி வைத்துக்கொள்வேன். அப்பேர்ப்பட்டவன், பாரிவாக்கத்தில் இருக்கும் என் சொந்த மனையின் முகப்பு எத்தனை அடி என்று ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. பத்திரத்தில் முப்பது என்று இருந்தது. இருந்தால் இருக்கும்தானே. மனிதன் அளப்பதெல்லாம் அடுத்தவன் மனையைத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலைப் புழுதியைத் தின்றுகொண்டு வண்டியில் வந்து சேர்ந்தேன். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவே ஏழு கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்த வேலி ஒன்று உண்டு. அதில் மூன்று தூண்கள் படுத்திருந்தன. கம்பியைச் சுருட்டி என் துளசித் தொட்டி மேல் வைத்திருந்தார்கள். வேலி இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம், அதாவது என் பக்கம், இரண்டு கான்கிரீட் தூண்கள் புதிதாக எழும்பியிருந்தன. பலகை இன்னும் பிரிக்கவில்லை. உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். இந்த ஊர்க்காரர். மனைப்பிரிவு போடுவதற்கு முன் இங்கே இருந்த வயலில் அவருடைய அம்மா கூலிக்கு நாற்று நட்டவர். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து கடன் வாங்கி மனை வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து அவர் பக்கத்து மனையை வாங்கி ஓர் அறையும் சமையல்கட்டுமாக வீடு கட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருடம் குழம்புக் கிண்ணம் வேலிக்கு மேலே இப்படியும் அப்படியும் போய்வந்தது. இப்போது மாடி கட்டுகிறார். மாடிக்குப் படி வேண்டும். அந்தப் படியைத் தாங்கும் தூண்கள்தான் இவை.

"என்னண்ணே இது?" என்றேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"படிக்கட்டு சார்."

"படிக்கட்டுன்னு தெரியுது. யார் இடத்துல?"

"என் எடத்துலதான். பத்திரத்துல முப்பது அடி. மேஸ்திரி சாக்கடை ஓரத்துலேந்து டேப்பு புட்சாரு. முப்பது இங்கதான் வந்து நிக்கிது."

அவருடையது மூலை மனை. அவருக்குக் கிழக்கே குறுக்குத் தெரு, தெருவோரம் சாக்கடை. மேற்கே நான். எங்கள் இரண்டு மனைக்கும் நடுவே, தெருவை ஒட்டி, மனைப்பிரிவு போட்டபோது நட்ட எல்லைக்கல் ஒன்று இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத கருங்கல். வேலி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கும். தூண்கள் அந்தக் கல்லுக்கு மேற்கே ஒரு முழு அடி தாண்டி என் பக்கம் நின்றன.

"கல் அங்க இருக்கு, தூண் இங்க இருக்கு. கல்லை மீறி எப்படிண்ணே முப்பது வரும்? சாக்கடை தோண்டினப்ப உங்க ஒரு அடியை அது சாப்பிட்டிருக்கும். அதைப் போய்ச் சாக்கடைகிட்ட கேளுங்க, எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

இது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. சிரிப்பு வரும் என்று கொஞ்சம் இடைவெளிகூட விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சார், நீ இங்க வர்றதுக்கு முன்னாடி இதே சேத்துல எங்கம்மா குனிஞ்சிகினு இருந்துச்சு. எந்தக் கல்லு எங்க கீதுன்னு நீ எனக்கு சொல்லித்தர்றியா?"

"நான் சொல்லல. கல் சொல்லுது."

அப்போது அவர் மனைவி வாசலுக்கு வந்தார். கையில் கரண்டி. புருஷனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தார். முகம் செத்துப்போயிருந்தது.

அந்தக் கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவி, புதிதாக மஞ்சள் அப்பி, ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிளந்து வைத்துக் கற்பூரம் காட்டுவார். மாங்காட்டு அம்மனைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் பூவின் பாதி இந்தக் கல்லுக்கு. அவர்கள் குடிவந்தபோதே கல் மஞ்சளாகத்தான் இருந்தது, சாமிக்கல் என்று அவர்கள் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. வாசலில் இலவசமாக ஒரு சாமி இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

"யோவ்," என்றார் அந்த அம்மா புருஷனிடம், மெதுவாக. "சாமிய தாண்டியா குழி எடுத்த?"

"சும்மா இருமே. அளந்துதான் எடுத்துது."

"சாமி பொய்யா நிக்கும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அக்கா கரெக்டா கேக்கறாங்க," என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

மறுநாளிலிருந்து அவர் வீட்டில் வேலை நின்றது. ஒரு தனியார் சர்வேயரைக் கூட்டிவந்து அளப்பது, அவர் சொல்கிறபடி கேட்பது என்று முடிவாயிற்று. "அளந்து என் மேல தப்புன்னா நானே ஒடச்சிடறேன். ஆனா உன் மேல தப்புன்னா?" என்று கேட்டார். "என்ன வேணா பண்றேன்," என்றேன். தோற்க வாய்ப்பே இல்லாதவன் பேசுகிற பேச்சு. சர்வேயர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறுதான் கிடைத்தார்.

அந்தப் படி எவ்வளவு அவசரம் என்று என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் மகனுக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாங்காட்டில் வாடகை வீடு. மருமகளுக்கு ஏழாம் மாதம். அந்த வீட்டின் சொந்தக்காரர் மாசக் கடைசியில் காலிசெய்யச் சொல்லியிருந்தார். கீழே இருக்கும் ஓர் அறையில் நான்கு பேரும் ஒரு கைக்குழந்தையும் தங்க முடியாது. மாடியில் சுவர் எழுப்பித் தளமும் போட்டாயிற்று. ஏறத்தான் வழியில்லை. படியை வேறு எங்கும் வைக்கவும் முடியாது. பின்னால் செப்டிக் டேங்க், கிழக்கே ஜன்னல்கள், நேர் முன்னால் வைத்தால் வாசல் அடைபடும். தூணை உடைத்தால் மாடி வெறும் மொட்டைதான்.

"ஒரு அடிதானே, விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"ஒரு அடி இல்ல, கொள்கை," என்றேன். வீட்டில் யாரும் கேட்காத வார்த்தைகளில் அது ஒன்று.

கொள்கைக்குச் சாட்சி வேண்டுமே. பூமி பூஜை ஆல்பம் நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன், அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்கே அந்தக் கல் அங்கே இருந்தது என்று படம் காட்டினால் முடிந்தது. பரணில் ஏறி, கிரைண்டர் அட்டைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஆல்பத்தை இறக்கினேன். தும்மிக்கொண்டே சோபாவில் உட்கார்ந்து பிரித்தேன். மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் படம், வெறும் மனை. பக்கத்து மனையில் கருவேலம். மூலையில் எல்லைக்கல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. "பாத்தியா!" என்றேன்.

இரண்டாவது படத்தில் நான். லுங்கி, தலையில் துண்டுச் சும்மாடு. சும்மாட்டின் மேல் எல்லைக்கல். இரண்டு கையையும் விட்டுவிட்டு, கரகம் ஆடுகிறவன் மாதிரி இடுப்பை ஒடித்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

மூன்றாவது படத்தில் கல் வாழையிலையில் இருக்கிறது. மஞ்சள், குங்குமம், பூ.

மனைவி முதலில் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

எல்லாம் திரும்பி வந்தது. ஈசானிய மூலையில் பூஜை. பூஜைக்கு வந்தவர் ஒரு கருங்கல் கேட்டார். ஜல்லி லாரி வரவில்லை, மனையில் செங்கல்தான் இருந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லாரும் பரபரத்தார்கள். இப்படி எல்லாரும் பதறும்போது கோமாளித்தனம் பண்ணுவது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். மூலையில் ஈரமண்ணில் தளர்ந்து நின்ற எல்லைக்கல்லை ஒரே இழுப்பில் பிடுங்கி, வாளியில் கழுவி, தலையில் வைத்து ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், பூஜை நடந்தது. பூஜை முடிந்து கல்லை எடுத்த இடத்தில் வைக்கப்போனால், அங்கே கேட் தூணுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். குழியின் விளிம்பு சரிந்துகொண்டிருந்தது. கெட்டியான மண் ஒரு எட்டு தள்ளித்தான் இருந்தது, கருவேலம் பக்கம். அங்கே நட்டு, காலால் மிதித்து இறுக்கினேன். "அப்புறம் சரியா வச்சிக்கலாம்," என்று மேஸ்திரியிடம் சொன்னதும் நினைவு வந்தது. அப்புறம் என்பது எட்டு வருடமாக வரவில்லை. வேலி போட வந்தவன் அந்தக் கல்லிலிருந்துதான் கம்பி இழுத்தான். வேலி பின்னால் போகப்போக ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்து, அவனுக்குக் கண் மாறுகண் என்று தெருவெல்லாம் சொன்னேன்.

"என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி.

"யோசிக்கணும்."

அவள் ஆல்பத்தைப் பரணில் வைக்கவில்லை. இரண்டாவது படத்தைத் திறந்தபடி சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் இட்லி, சாம்பார், நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த அம்மா கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு, கற்பூரம் காட்டிவிட்டு, இரண்டு தூண்களுக்கும் முன்னால் போய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "யோவ், சர்வேயரு வர்றதுக்குள்ளயே ஒடச்சிடுயா. மருமவ வயித்துல வச்சிகினு கீது. சாமி குத்தம் நமக்கு வோணாம்," என்றார். அவர் பதில் சொல்வது கேட்கவில்லை. சாயங்காலம் அவருடைய வாசல் சுவரில் ஒரு சம்மட்டி சாத்தியிருந்தது. இரவல் வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். காட்டுவதற்கா கிழிப்பதற்கா என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது.

சர்வேயர் வந்தார். வழுக்கைத் தலையில் கைக்குட்டை, தோளில் பை. இரண்டு பத்திரத்தையும் படித்தார். மனைப்பிரிவு வரைபடத்தை என் ஸ்கூட்டர் சீட்டில் விரித்து நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தார்.

"ரோட்டுப் பக்கக் கல்லு எங்கே?"

"சாக்கடை தோண்டுனப்ப பூட்ச்சு சார்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"உங்க மேற்குக் கல்லு?" என்று என்னைக் கேட்டார்.

"அந்தப் பக்கத்துக்காரர் காம்பவுண்டு கட்டினப்ப உள்ள போயிடுச்சு."

"அப்போ கையில இருக்கறது இது ஒண்ணுதான்," என்று மஞ்சள் கல்லைக் காட்டினார். "இது ஒரிஜினலா இருந்தா இங்கேருந்தே ஆரம்பிச்சிடலாம், அரைமணி நேர வேலை. இல்லேன்னா தெருக்கோடியில முதல் மனைக் கல்லுலேந்து இழுத்துகிட்டு வரணும். இதை யாராவது பிடுங்கி நட்டீங்களா? நகர்ந்திருக்கா?"

என் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.

அந்த அம்மாதான் பேசினார். "இன்னா சார் கேள்வி இது! ஆறு வருசமா நான் கும்புட்றேன். ஒருத்தர் கை பட்டதில்ல." சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து கல்லின் தலையில் உள்ளங்கையை வைத்தார். "சத்தியம்."

சர்வேயர் டேப்பின் முனையைக் கல்லில் பொருத்தினார். மறுமுனை தூண் வரைக்கும் போனது. "ஒரு அடி உள்ளே," என்று என்னைக் காட்டினார். "தூண் இவர் மனையில இருக்கு."

பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் தூணுக்கு முன் நின்று பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சம்மட்டி தோளுக்கு ஏறியது. என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இருங்க," என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"இன்னா? கல்லு சொல்லிச்சில்ல. அப்புறம் இன்னா?"

"கல்லை நான்தான் அங்க வச்சேன்."

படத்தை எடுத்து நீட்டினேன். சம்மட்டியை இறக்கிவிட்டு வாங்கிப் பார்த்தார். பூஜை, குழி, கெட்டி மண் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எங்கேயோ ஒரு இடத்தில் சிரிப்பாகச் சொல்லிவிடலாமா என்று வாய் தேடியது. கிடைக்கவில்லை.

"நல்லா சோக்கா சிரிச்சிகினு கீற," என்றார்.

அந்த அம்மா படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் கல்லைப் பார்த்தார். "இது... நம்ம சாமியா?"

"ஆமாக்கா."

"நான் வெள்ளிக்கு வெள்ளி கற்பூரம் காட்டசொல்ல, நீ அந்த ஜன்னல்ல நின்னுகினு பாப்பியே."

"பாப்பேன்."

"பாத்துகினு சிரிச்சியா?"

"இல்லக்கா. சத்தியமா நான் மறந்தே போயிட்டேன். போன வாரம்தான் படத்தைப் பாத்தேன்."

"போன வாரம்," என்றார் அவர் புருஷன். "அப்ப இந்த வெள்ளிக்கெழமை தெரிஞ்சிகினேதான் நின்னுகினு இருந்த."

நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் அளந்து சொல்லிவிட்டார்.

சர்வேயர் பெருமூச்சு விட்டு டேப்பைச் சுருட்டினார். தெருக்கோடிக்கு நடந்தார். முதல் மனையின் கல் அங்கே அசையாமல் இருந்தது. ஒவ்வொரு மனையாக முப்பது முப்பதாக இழுத்துக்கொண்டு வந்தார். என்னுடையது ஆறாவது. ஆறாவது முப்பது முடிந்த இடத்தில் ஒரு ஆப்பு அடித்தார். ஆப்பு மஞ்சள் கல்லுக்கு மேற்கே ஒன்றேகால் அடியில் நின்றது. படிக்கட்டுத் தூண்கள் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர் மனையில்தான் இருந்தன, மூன்று அங்குலம் மிச்சமும் இருந்தது. எல்லை தாண்டி அவர் இடத்துக்குள் நின்றது வேறொன்று. என் கேட்டைத் தாங்கும் தூண், வீட்டின் பெயர் எழுதிய டைல் பதித்தது. எட்டு வருடமாக என் வீட்டுப் பெயர் அவருடைய மனையில் நின்றிருக்கிறது.

"இன்னா வேணா பண்றேன்னு சொன்ன," என்றார். சம்மட்டியை என்னிடம் நீட்டினார்.

வேண்டாம் சார், இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், நிறையவே எதிர்பார்த்தேன். வரவில்லை. கேட்டைக் கழற்றிச் சாத்திவைத்துவிட்டு அடித்தேன். பதினோராவது அடியில் டைல் விழுந்தது. அதற்கப்புறம் எண்ணவில்லை. கையில் கொப்புளம் வந்த பிறகு அவரே வாங்கி மிச்சத்தை அடித்துத் தள்ளினார். கோபமா உதவியா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

கல் பாக்கி இருந்தது. சர்வேயர் அதைக் காலால் தட்டி, "இதைப் பிடுங்கி ஆப்பு இருக்கற எடத்துல நட்டுடுங்க," என்றார்.

"கால எடு சார்," என்றார் அந்த அம்மா. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். படத்தை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, அது சாமி இல்லக்கா. வெறும்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சொல்லாத. ஆறு வருசமா நான் கேட்டதுல பாதி நடந்துகீது. எம் புள்ளைக்கு வேல, கல்யாணம், எல்லாம் இதாண்ட கேட்டதுதான். சாமிய நீ தப்பான எடத்துல குந்த வச்ச. அது பாட்டுக்கு குந்திகினு இருந்துச்சு. இப்ப அதும் எடத்துக்கு போவணும். நீதான் இட்டுகினு போவணும்."

"சரிக்கா." குனிந்து கல்லை அசைத்தேன்.

"அப்டி இல்ல. போட்டோல எப்டி தூக்கிகினு கீற? அப்டித் தூக்கு. ஒன்னேகால் அடி நவுத்தி வெக்க இதென்ன பூந்தொட்டியா? தெருவ ஒரு சுத்து சுத்திகினு வந்து வையி."

என் மனைவி உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்தாள். சும்மாட்டை அவளே சுற்றி என் தலையில் வைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே. பக்கத்து வீட்டுக்காரர் கல்லைத் தூக்கி மேலே ஏற்றினார். எட்டு வருடத்துக்கு முன் கையை விட்டுவிட்டு ஆடியிருக்கிறேன். இப்போது இரண்டு கையாலும் பிடித்தும் கழுத்து நடுங்கியது. அந்த அம்மா கற்பூரத் தட்டுடன் முன்னால் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஆறேழு பேர் வழிவிட்டார்கள். வழக்கமாக நான் எது பண்ணினாலும் சிரிக்கிறவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். தெருக்கோடி வரை போய், முதல் மனைக் கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்பினோம்.

ஆப்பு அடித்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குழி எடுத்து வைத்திருந்தார். கல்லை இறக்கப்போகும்போது, "நில்லு சார்," என்று போனைத் தூக்கினார். "சிரி."

வியர்வையில் கரைந்த மஞ்சள் நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போயிருந்தது. சிரிக்கத்தான் பார்த்தேன்.

"இது எதுக்குண்ணே?"

"நாளிக்கு மறந்துடுவல்ல," என்றார்.

கல்லை இறக்கி நட்டோம். மண்ணைக் காலால் மிதிக்கப் போனவன் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, மண்டியிட்டுக் கையால் குத்தி இறுக்கினேன். அதற்கப்புறமும் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடவில்லை. சர்வேயர் போனபின் தன் டேப்பை எடுத்துவந்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்து, சாக்கடை ஓரத்திலிருந்து கல் வரைக்கும் இரண்டு தடவை அளந்தார். இரண்டாம் தடவை என்னையே படிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை படிக்கட்டு வேலை ஆரம்பித்தது. மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன் மருமகள் படியேறிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் என்னோடு பேசுவது இன்னும் பழைய மாதிரி இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். குழம்புக் கிண்ணம் ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் என் மனைவி கைக்கு. என் கேட் இன்றுவரை ஒரு பக்கம் கயிற்றில் கட்டி நிற்கிறது. புதுத் தூண் எழுப்பக் கடைக்கால் எங்கே எடுப்பது என்று மேஸ்திரி கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போனில் எடுத்த படத்தை அவர் அன்றைக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மனைவி அதைப் பூந்தமல்லியில் பிரிண்ட் போட்டுவந்து ஆல்பத்தில், அந்த அம்மாவிடமிருந்து திரும்பி வந்த பழைய படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சொருகினாள். ஆல்பத்தைப் பரணில் ஏற்ற நான் ஸ்டூலைக் கொண்டுவந்தேன்.

"அது கீழயே இருக்கட்டும்," என்றாள்.